கெட்டித் தரை

கடைக்காரன வையாதீங்க யக்கா. பாவம், அவன் ஒண்ணும் செய்யல.

டப்பா நெறைய தலைதட்டித்தான் போட்டான். நீங்களே நின்னு பாத்துதான வாங்குனிய? இப்பம் மூடியத் தொறந்தா ரெண்டு வெரக்கட எறங்கிக் கெடக்கு. ஒடனே "களவாணிப்பய, களவாணிப்பய"ன்னு, பின் சீட்டு வரைக்கும் கேக்கு. கேப்பை எங்கயும் போவல யக்கா. டப்பாக்குள்ளதான் இருக்கு. பஸ்ஸு குலுங்குச்சுல்லா? குலுங்கக் குலுங்க ஒவ்வொரு மணியும் பக்கத்து மணிக்கு நடுவுல இடுக்கு தேடி எறங்கி உக்காந்துகிடும். முன்னால காத்து இருந்த எடத்துல இப்பம் கேப்பை இருக்கு. அம்புட்டுதான். இதத்தான் நான் நாலு வருசமா பீஸு கட்டிப் படிக்கேன். சிரிக்காதிய. நெசமாத்தான். சிவில் இன்ஜினியரிங்ல மணல எப்டிக் கெட்டியாக்கன்னு ஒரு பாடமே இருக்கு. என் ப்ராஜெக்டே அதுதான்.

பேரு டெல்பின். ஊரு புன்னைமுனை. கேட்டிருக்க மாட்டிய. கேட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டிய, ஏன்னா வர வழி கெடையாது. இந்த பஸ்ஸே எங்க ஊருக்குப் பிரியுத விலக்குல என்னயத் தள்ளிட்டு அப்டியே நேராப் போயிரும். அங்கன இருந்து ரெண்டு மைலு நடக்கணும், பூராவும் மணலு. சைக்கிளு போவாது, ஆட்டோ போவாது. ஓட்டுப் போடச் சொல்லி மட்டும் ஜீப்புல வந்துருவானுவ, அது எப்டின்னு தெரியல...

இந்தா, மிதிச்சிட்டேன். டப்பா சாஞ்சிட்டா? தப்பா நெனைக்காதிய யக்கா. எனக்கு இது பழக்கம். கோவம் வந்தா காலு தன்னால தரைய மிதிச்சிரும். பஸ்ஸு, கிளாஸு, கோயிலுன்னு பாக்காது. எங்க ஊர்ல பொறந்தவளுக்கு அப்டித்தான் இருக்கும். அந்த மணல்ல கோவத்துல ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க. பொதுக்குனு கணுக்கால் வரைக்கும் உள்ள போவும். சத்தமே வராது. சண்டையில சத்தம் வரலன்னா சண்டைக்கே மரியாத கெடையாது. அதான், கெட்டித் தரை எங்கன கெடச்சாலும் எனக்கு மிதிக்கணும்.

எங்க போயிட்டு வாரேனா? எங்க மைனியப் பாக்க. அண்ணன் பொண்டாட்டி, பேரு புஷ்பம். கிட்னி ரெண்டும் போச்சு. வாரம் மூணு மட்டம் டவுனு ஆஸ்பத்திரியில ரத்தத்த வெளிய எடுத்து சுத்தம் பண்ணி உள்ள விடணும். அண்ணன் கடலுக்குப் போறவன். அவனும், லீவுல வந்தா நானும், டிராக்டர் பெட்டியில மெத்தையப் போட்டு மைனியப் படுக்கவச்சு விலக்கு வரைக்கும் கொண்டு வருவோம், அங்கன இருந்து பஸ்ஸு. போவும்போது ஒரு ரெண்டு மைலு, ரத்தம் மாத்திட்டு தளந்து வரும்போது ஒரு ரெண்டு மைலு. டிராக்டரு குலுக்குற குலுக்குல அவ பல்லக் கடிச்சிக்கிட்டு கெடப்பா. கேட்டா, "ஏட்டி, உன் படிப்புல என்னயப் போட்டு கெட்டியாக்குத மாரி இருக்கு"ம்பா. அவ அப்டித்தான். சாவுற மாரி இருந்தாலும் ஒரு நக்கல்.

அந்த மைனிக்காகத்தான் யக்கா நான் அம்புட்டு சண்டையும் போட்டேன். வேற எனக்கென்ன, நான் டவுன்ல ஹாஸ்டல்ல கெடக்கேன்.

போன வருசம் சித்திரையில ரோடு சாங்ஷன் ஆயிட்டு. ஊரே வேட்டு போட்டுச்சு. மினி பஸ்ஸு கோயில் வாசலுக்கே வரும்னுட்டாங்க. அடுத்த வாரமே லாரி வந்து மணலக் கொட்டி மேடாக்க ஆரம்பிச்சிட்டானுவ. லீவுக்கு வந்த நான் போயிப் பாக்கேன், ஒரு ரோலரு நிக்கி. முள்ளு முள்ளா கட்ட வச்ச ரோலரு. அது களிமண்ணுக்கு உள்ளது யக்கா! களிமண்ணத்தான் குத்திப் பெசையணும். மணல்ல அத ஓட்டுனா கோழி கெளறுன மாரி கெளறித்தான் விடும்.

அங்கன ஒருத்தன் தலையில துண்டு, துண்டுக்கு மேல ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு நிக்கான். அவன்தான் சைட்டு இன்ஜினியராம். வேல்மயிலு. சேரன்மாதேவிக்காரன், டிப்ளமா. நான் போயி, "சார், இது ரோடு போடுதீங்களா, கடலை போட உழுதீங்களா?"ன்னேன்.

"இல்ல மேடம்..."ன்னான். அவன் எதச் சொன்னாலும் மொதல்ல அந்த ரெண்டு வார்த்தைதான் வரும். அதுக்குமேல நான் அவனப் பேச விட்டதில்ல. எதுக்கு விடணும்? தெரியாதவன் பேசி என்ன ஆவப் போவுது?

சும்மா சொல்லக் கூடாது, ஆளு கேட்டுக்கிட்டான். காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டுப் போயி, என் ப்ராஜெக்டு இங்கதான்னு சொன்னேன், சரின்னான். முள்ளு ரோலர அனுப்பிட்டு குலுக்குற ரோலரு கொண்டாந்தான். மணலுக்கு எம்புட்டுப் பெரிய வெயிட்ட வச்சு அமுக்குனாலும் சைடுல பிதுங்குமே ஒழிய எறங்காது யக்கா. குலுக்கணும். உங்க கேப்பை மாரி. அப்பறம் தண்ணி. அவன் ஒரு டேங்கரு கொண்டாந்து சாமி கும்புட தீர்த்தம் தெளிக்க மாரி தெளிக்கான். "சார், அரைகுறை ஈரத்துல மணலு ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுகிடும். சின்னப் பிள்ளைக மணல்வீடு கட்டுதுல்லா, அது நிக்கது அந்த ஈரத்துலதான். அப்டிப் பிடிச்சுகிட்டு நிக்கித மணலு எறங்காது. ஒண்ணு நல்லாக் காஞ்சு கெடக்கணும், இல்லன்னா தெப்பமா நனையணும். நடுவுல நின்னா வெளங்காது"ன்னேன். மைனி இதக் கேட்டுட்டு, "நம்ம குடும்பத்து ஆளுவ மாரி"ன்னா.

தெப்பமா நனைச்சான். ரெண்டு ஓரத்துலயும் செம்மண்ண வச்சு வரப்பு மாரி அண கட்டச் சொன்னேன், மணலு பக்கவாட்டுல ஓடாம இருக்க. கட்டுனான். ஒரு முழ உயரத்துக்கு மணலக் கொட்டி ஒரேயடியா ஓட்டாதீங்க, சாணு சாணாப் போட்டு ஓட்டுங்கன்னேன். ஓட்டுனான். மேஸ்திரி எல்லாம், "சார், கான்ட்ராக்டரு உங்களுக்குச் சம்பளம் குடுக்காரா, இந்தப் பிள்ள குடுக்கா?"ன்னு கேலி. அவன் துண்ட இழுத்து விட்டுக்கிட்டு, "சொல்லுதது சரியாத்தான இருக்கு"ன்னான். நான் கேட்டேன் அத. கேக்காத மாரி நின்னுக்கிட்டேன்.

அய்ய, அப்டியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க வேற.

ஒரு நா ரோலரு ஓடி முடிச்சதும் மேல ஏறி நடந்து பாத்தேன். காலு பொதையல யக்கா. எங்க ஊரு மணலு மேல நிக்கேன், காலு பொதையல! ஒரு மிதி மிதிச்சேன். தொம்முன்னு கேட்டுச்சு. வாழ்க்கையில மொத மட்டமா எங்க ஊர்ல என் காலு சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் மிதிச்சிக்கிட்டே நடந்தேன். மைனிகிட்டப் போயி, "மேல சரளு போட்டு, தாரு போட்டா முடிஞ்சு மைனி. மழைக்கு முந்தி உன்ன ஏசி காரு வச்சுக் கூட்டிட்டுப் போறேன்"ன்னேன். "காரு வேண்டாம், ஒரு ஆட்டோ போதும், ஆனா மீட்டரு போட்டு வரணும்"ன்னா.

அப்பறம்தான் சனியன் பிடிச்சிது. டெஸ்ட்டு.

கேளுங்க, இது முக்கியம். சரளு போடுததுக்கு முந்தி மணலு சரியா இறுகியிருக்கான்னு பாக்கணும். எப்டிப் பாக்கதுன்னா, தரையில ஒரு சின்னக் குழி தோண்டணும். தோண்டுன மண்ண எடை போட்டு வச்சுக்கணும். ஆனா குழி எம்புட்டுப் பெருசுன்னு தெரியணும்லா? அதுக்கு ஒரு தகர உருளை இருக்கு, அடியில புனல் மாரி. அதுல சல்லடையில சலிச்ச காஞ்ச மணல நெறச்சு, குழி மேல வச்சு, தாழத் தொறந்து விட்டா மணலு குழிக்குள்ள ஓடி நெறஞ்சிரும். எம்புட்டு மணலு போச்சோ அம்புட்டுப் பெரிய குழி. அதுல இருந்து கணக்கு. குழி சின்னதா, எடுத்த மண்ணு கனமான்னா தரை கெட்டின்னு அர்த்தம். குழி பெருசு, மண்ணு லேசுன்னா ஃபெயிலு.

ஒரே ஒரு கண்டிசன் இருக்கு. மணலு குழிக்குள்ள ஓடும்போது பக்கத்துல ஒரு அசைவு இருக்கக் கூடாது. குலுங்குச்சுன்னா குழியில விழுத மணலு உங்க கேப்பை மாரி எறங்கி இறுகிரும், மேல கொண்டு இன்னும் மணலு போவும். குழி நெசத்துல சின்னதா இருந்தாலும் பெருசுன்னு காட்டும். நல்ல தரையும் ஃபெயிலாயிரும். இது எங்க லேப்ல சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கு. நான் போன ஒடனே மொத வேலையா என்ன செஞ்சேன் தெரியுமா? தூரத்துல நின்ன ரோலரக்கூட ஆஃப் பண்ண வச்சேன். லாரியெல்லாம் விலக்குலயே நிறுத்த வச்சேன். வேலக்காரங்க ஒருத்தரு கிட்ட வரக் கூடாதுன்னுட்டேன். நானும் வேல்மயிலும் மட்டும். அம்புட்டு கரெக்டா செஞ்சேன் யக்கா. என்னய எவனும் கொற சொல்ல முடியாது.

உருளைய வச்சு தாழத் தொறந்தாச்சு. மணலு ஓடுது. நான் சும்மா நிக்காம, தண்ணி டேங்கரு அன்னிக்கு லேட்டா வந்ததப் பத்திக் கேட்டேன். அவன், "இல்ல மேடம்..."ன்னான். "என்ன இல்ல மேடம்? பத்து மணிக்கு வரவேண்டிய வண்டி மத்தியானம் வருது, வெயில்ல மணலு பாதி காஞ்சு போச்சு, இது எங்க ஊரு ரோடு, உங்க ஊரு ரோடுன்னா இப்டி விடுவியளா?"ன்னு நான் கேக்க, கேக்க, கேக்க... அவன் என்ன செய்யுதான்னா, கீழ என் கால பாக்கான்.

ஆமா யக்கா! நான் மூஞ்சிக்கு நேரா பேசுதேன், அவன் குனிஞ்சு என் கால பாக்கான். பாத்துக்கிட்டே, "மேடம், உங்க காலு..."ங்கான்.

எனக்கு வந்திச்சு பாருங்க. அன்னிக்கு மைனியோட பழைய கொலுச வேற போட்டிருந்தேன். "என் கால என்னத்துக்குல பாக்க? ரோட்டுல நின்னு பொம்பளப் பிள்ள கால பாக்கத்தான் உனக்குச் சம்பளமா?"ன்னு ஒரு மிதி. அவன் பதறிப் போயி, "அய்யோ அதில்ல, கால கொஞ்சம்..."ங்கான். "கால கொஞ்சம் என்னல, கால கொஞ்சம் என்ன?"ன்னு மிதிக்கேன், மிதிக்கேன், கொலுசே அறுந்து போச்சு. தூரத்துல நின்ன மேஸ்திரியெல்லாம் சிரிக்கானுவ. அவன் மூஞ்சி செத்துப் போச்சு. அடுத்த குழியில, "நான் அங்கன நிக்கேன் மேடம், நீங்களே பாத்துக்கிடுங்க"ன்னு தள்ளிப் போயிட்டான். நான் விடுவேனா? குழிப் பக்கத்துல நின்னுக்கிட்டே அங்கன இருக்கவனுக்கு இங்கன இருந்து குடுத்தேன்.

கணக்குப் போட்டா நூத்துக்குத் தொண்ணூத்தேழு வரணும். தொண்ணூத்தஞ்சு. எல்லாக் குழியும் ஃபெயிலு.

மைனிகிட்ட வந்து சொன்னேன். அவ படுத்துக்கிட்டே, "ரெண்டு மார்க்குதானட்டி? ரோட்டுக்கு எதுக்கு மார்க்குப் போடுத, பாஸ் போட்டு விட்டுரு. வண்டி வரட்டும்"ன்னா. "மைனி, இன்னிக்கு விட்டா அடுத்த மழையில பள்ளம் விழும், நீதான் அதுல குலுங்கிக்கிட்டுப் போவ"ன்னேன். சொன்னனா இல்லயா? அவளுக்காகத்தான சொன்னேன்?

மறுநா, இதுமேல சரளு போட விட மாட்டேன்னு ரோலருக்கு முன்னால போயி உக்காந்துட்டேன். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தேன். ஊரு வாட்ஸாப்புல போட்டேன். மொதல்ல எல்லாரும், "நம்ம டெல்பினு புலிடா"ன்னாங்க. வேலைய நிறுத்து, டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்னு மேல இருந்து ஆர்டரு வந்திச்சு. ஆர்டரு வந்திச்சே ஒழிய ஆளு வரல. ஆனி போச்சு, ஆடி போச்சு, ஆவணி போச்சு. கான்ட்ராக்டரு ரோலர வாடகை தண்டமா நிக்குன்னு டிரெய்லருல ஏத்திட்டான். கொண்டு போவும்போது வேல்மயிலு எங்க வீட்டு வாசலுக்கே வந்தான். "டெல்பின், ஒரே ஒரு நிமிசம். அன்னிக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னா..."ன்னான். மொத மட்டமா மேடம்னு சொல்லாம பேரச் சொன்னான், பாத்துக்கிடுங்க. "ஒண்ணும் சொல்ல வேண்டாம்"னு கதவச் சாத்திட்டேன். நல்லாச் சாத்துனேன்.

பொரட்டாசியில ஆபீசருங்க வந்தாங்க, அவுகளே குழி தோண்டிப் பாக்க. என்னயக் கிட்டயே விடல. கயிறு கட்டி, "அந்தப் பிள்ளயத் தூரமா நிக்கச் சொல்லுங்க"ன்னுட்டானுவ. அவனுவ மணல ஊத்துன லட்சணத்தப் பாக்கணுமே. ஒருத்தன் பேசல, ஒருத்தன் அசையல. எழவு வீடு மாரி. அப்பமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கள்ளத்தனம் பண்ணுதவன்தான் யக்கா அப்டி சத்தமில்லாம இருப்பான். நேர்மையா வேல செய்யுதவன் நாலு வார்த்த சத்தமாப் பேசித்தான் செய்வான்.

ரிசல்ட்டு? பாஸு. தொண்ணூத்தெட்டாம்.

காசு வாங்கிட்டானுவ, வேற என்ன.

ஆனா பாஸ் ஆயி என்ன செய்ய? ரோலரு இல்ல, சரளு இல்ல, கான்ட்ராக்டரு வேற வேலைக்குப் போயிட்டான். ஐப்பசியில மழ பிடிச்சிது. மேல ஒண்ணும் மூடாத மணலு, எம்புட்டுக் கெட்டியா இருந்தாலும் ஓடுத தண்ணிக்கு நிக்குமா? செம்மண் வரப்ப அறுத்துக்கிட்டு ஒரே ராத்திரில போயிட்டு. இப்பம் முன்ன இருந்த மணலவிட மோசம். மேடும் பள்ளமும். டிராக்டரே சாயுது. ஒரு நா சாஞ்சிட்டு. மைனிக்கு எலும்பு வேற இந்தச் சீக்குல பொடிஞ்சு போயிருக்கு போல, கையி ஒடிஞ்சிட்டு. டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு, "இந்த அம்மாவக் குலுக்கவே கூடாது"ன்னு.

அதனால ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ரூமு பிடிச்சு அங்கனயே வச்சிருக்கோம். ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டுச் செவரு. எங்க ஊரு, கடலு, அவ மவ, எல்லாம் இங்க. அவ மட்டும் அங்க. இன்னிக்குப் போயிருந்தேன். நக்கலே இல்ல யக்கா. ஒரு நக்கல் இல்ல. என் கையப் பிடிச்சுக்கிட்டு, "கோயில் கொடியேத்துக்கு ஒரே ஒரு நாளு வீட்டுக்கு வரணும்ட்டி. எப்டியாவது கூட்டிட்டுப் போவியா?"ங்கா. நான் என்ன சொல்ல? தூக்கிட்டு வரவா? படகுல கொண்டு வரவா, அது இதவிடக் குலுங்கும். ரெண்டு மைலு. வெறும் ரெண்டு மைலு. நாலு வருசம் படிச்சிருக்கேன், அந்த ரெண்டு மைல எப்டி எப்டியெல்லாம் கெட்டியாக்கலாம்னு பரீச்சையில பத்துப் பக்கம் எழுதுவேன். "சரி மைனி, பாப்போம்"னு சொல்லிட்டு வந்துட்டேன். பாக்க என்ன இருக்கு?

ஊர்ல இப்பம் எவனும் என்னயப் புலிங்கல. நான் போனா பேச்ச நிறுத்திருதானுவ. திட்டுனாக்கூடப் பரவால்ல, நான் பதிலுக்குத் திட்டுவேன். ஒண்ணும் பேசாம இருந்தா நான் யார்ட்ட சண்டை போட? சொல்லுங்க, நான் என்ன தப்பு செஞ்சேன்? ரோலர நிறுத்துனேன், லாரிய நிறுத்துனேன், ஒரு ஈ எறும்பு அசையாமப் பாத்துக்கிட்டேன். அந்த எடத்துல ஒரு அசைவு கெடையாது. ஒரு... அசைவு... கெடையாது!

என்ன யக்கா?

எதுக்கு டப்பாவத் தூக்கி மடியில வச்சுக்கிட்டிய?

கீழயே இருக்கட்டும், யாரு எடுக்கப் போறா? என் காலு பக்கத்துலதான இருந்திச்சு. இன்னும் எறங்கிருமா? என்னக்கா பேச்சு இது, பஸ்ஸு குலுங்கி எறங்குது, இதுல என் காலு என்ன...

நீங்களும் எதுக்கு என் கால பாக்கிய?

இல்ல. இல்ல யக்கா. அப்டியெல்லாம் இருக்காது. நான் அம்பது கிலோகூடக் கெடையாது. ரோலரு எங்க, நான் எங்க. ரெண்டே ரெண்டு மார்க்கு, அதுக்கு ஒரு பொம்பளப் பிள்ள காலா?

"மேடம், உங்க காலு"ன்னு...

இருக்காது.

நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நல்லதாப் போச்சு. எங்க மைனிய நீங்க பாக்கவா போறிய. ஆஸ்பத்திரிப் பக்கம் போனா மட்டும்... வேண்டாம், ஒண்ணும் இல்ல.

ஆங், கண்டக்டரே, எறங்குதேன், எறங்குதேன். கத்தாதீங்க. புன்னைமுனை விலக்குதான், தெரியுது. பையி. யக்கா, அந்தப் பைய ஜன்னல் வழியா நீட்டுங்க. மைனி போர்வ, வீட்ல தொவைக்கணும்.

வண்டிய எடுக்காதீங்க அண்ணாச்சி, ஒரு நிமிசம்! யக்கா, இங்கன பாருங்க, ஜன்னலுக்கு இங்க, மணல்ல. நான் மிதிக்கேன். நல்லா மிதிக்கேன், முழு பலத்தோட. கேளுங்க.

கேக்கா?

ஒண்ணும் கேக்கலல்லா?